முன்னணை இருந்த வீடு

பண்டிகைக்கு ஊர் திரும்பும் எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு மடல்



தேரிக்காட்டுச் செம்மணலை அடுத்துக் கிடக்கும் நம் ஊர்களில் பிறந்து, படிப்பு முடிந்த கையோடு சென்னைக்கும் பெங்களூருக்கும், அங்கிருந்து துபாய்க்கும் தோகாவுக்கும் அதற்கப்பாலும் ஜீவனத்தின் பொருட்டுப் போய், ஆண்டு முழுவதும் தொலைபேசிக் குரலாகவே இருந்துவிட்டு, டிசம்பர் மூன்றாம் வாரத்தில் பெட்டியும் பேரப்பிள்ளைகளுமாக வந்திறங்கும் உங்களுக்கு, 35 ஆண்டு பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லி ஓய்ந்த கிழவனாகிய நான் இதை எழுதுகிறேன். உங்களில் அநேகர் என்னிடம் எழுத்துப் படித்தவர்கள். ஆகவே வாஞ்சையோடு சிறிது கண்டிப்பும் கலந்திருந்தால், பழைய நாளை நினைத்துப் பொறுத்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தையும் ஆழ்வார்திருநகரியையும் கடந்து நாசரேத்து நிலையத்தில் வந்து நிற்கும் அந்த டிசம்பர்க் காலைகளில், நம்மாழ்வார் அவதரித்த ஊரை விட்ட சற்று நேரத்துக்கெல்லாம் இயேசு வளர்ந்த ஊரின் பெயரைப் பலகையில் வாசிக்கும் விநோதம் வெளியூர்ப் பிரயாணிகளுக்குத் தோன்றுமேயன்றி உங்களுக்குத் தோன்றுவதில்லை. உங்கள் கண்கள் அப்பொழுது பலகையை விட்டு, மேடையில் நிற்கும் தகப்பனாரின் வெள்ளை வேட்டியைத் தேடிக்கொண்டிருக்கும். சுவிசேஷத்தில் வரும் யோசேப்பு நாசரேத்தை விட்டுத் தன் பூர்வீக ஊருக்குப் பிரயாணம் போனான். நீங்களோ பூர்வீக ஊராகிய நாசரேத்துக்கும், அதைச் சுற்றியுள்ள மெஞ்ஞானபுரத்துக்கும் முதலூருக்கும் கடாட்சபுரத்துக்கும் பிரயாணம் வருகிறீர்கள். பண்டிகை என்று அடைமொழியின்றிச் சொன்னால் நம் பக்கத்தில் அது கிறிஸ்மஸ் ஒன்றையே குறிக்கும். அந்தப் பண்டிகைக்காக இங்கே ஒரு மாதமாகவே வேலை நடக்கிறது. சுவருக்கு வெள்ளையடித்தாயிற்று, மூங்கில் தப்பையில் காகிதம் ஒட்டிய நட்சத்திரத்துக்குப் பதிலாகக் கடையில் வாங்கிய நட்சத்திரம் வாசலில் தொங்குகிறது, முறுக்குக்கும் முந்திரிக்கொத்துக்கும் மாவு இடித்த நாட்கள் போய் அரைத்து வாங்கும் நாட்கள் வந்துவிட்டன என்றாலும், எண்ணெய்ச் சட்டியின் முன்னே உட்காருபவள் இன்னமும் உங்கள் தாய்தான். மூட்டுவலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு அவள் உட்காருவதை நீங்கள் பார்ப்பதில்லை. நீங்கள் வரும்போது தகர டின்கள் நிரம்பியிருக்கும்.

இந்த ஊர்களின் பூர்வ சரித்திரத்தை உங்களுக்குச் சற்று நினைப்பூட்டுகிறேன். பிறகு நான் சொல்ல வந்ததற்கு அது துணையாக இருக்கும். 1799ஆம் ஆண்டில், புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்கள் சொந்த ஊரில் இருக்க மாட்டாமல் துரத்தப்பட்ட காலத்தில், சாத்தான்குளத்து தாவீது சுந்தரானந்தம் என்பவர் முன்னின்று நிலம் வாங்கி அவர்களைக் குடியேற்றிய ஊர்தான் முதலூர். திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்தவர்களுக்கென்று எழுந்த முதல் ஊராகையால் அந்தப் பெயர். அதன் பின்னே இப்படி அநேகம் ஊர்கள் உண்டாயின. இவற்றில் முதலில் வந்து சேர்ந்தவர்களில் பலர் தகப்பனை விட்டவர்கள், தாயாதிகளை விட்டவர்கள், சிலர் பெண்டாட்டி பிள்ளைகளையே விட்டவர்கள். இரட்சணிய யாத்திரிகம் பாடிய எச். ஏ. கிருஷ்ணபிள்ளை வைஷ்ணவக் குடும்பத்தில் பிறந்து 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றபோது அவர் வீட்டில் எழுந்த துக்கம் எத்தகையதாயிருந்திருக்கும் என்பதைக் குடும்பஸ்தர் எவரும் ஊகித்துக்கொள்ளலாம். இப்படி இரத்த உறவை இழந்துவந்த ஜனங்கள், இழந்ததை ஈடுசெய்வதற்காகவோ என்னவோ, சபையையே ஒரு குடும்பமாக்கிக்கொண்டார்கள். ஒரு பானையில் பொங்கி ஊரே ஒரு பந்தியில் உட்கார்ந்து உண்ணும் அசனம் இன்றைக்கும் நம் சேகரங்களில் நடக்கிறது. பிற ஜில்லாக்களிலிருந்து வரும் குருமார்கள் அதைக் கண்டு வியக்கிறார்கள். அந்நியரை உறவினராக்கும் வித்தையில் நம் முன்னோர் தேர்ந்தவர்கள். உறவினரை அந்நியராக்கும் வித்தை நமக்கு எங்கிருந்து வந்தது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் ஏழெட்டு வயதுச் சிறுவனாயிருக்கையில், பண்டிகைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் எங்கள் தெருவில் வீட்டு ஜெபம் நடத்தி, லூக்கா சுவிசேஷத்தின் இரண்டாம் அதிகாரத்தை வாசித்து, குடிமதிப்புக்காக யோசேப்பு தன் சொந்த ஊராகிய பெத்லகேமுக்குப் போனதையும், அங்கே சத்திரத்தில் இடம் கிடைக்காமற் போனதையும், பிள்ளையை முன்னணையிலே கிடத்தியதையும் விவரித்து முடித்தார். எழுத்தறியாத என் ஆச்சி, தூணில் சாய்ந்தபடி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "சொந்த ஊருக்குப் போனவனுக்குப் பங்காளி வீடு ஒண்ணுகூடவா இல்ல? எதுக்கு அவன் சத்திரத்துக்குப் போனான்?" என்று கேட்டாள். உபதேசியார் அது தேவசித்தம் என்றார். ஆச்சி தலையை ஆட்டினாள். ஆனால் அந்த ஆட்டத்தில் சம்மதம் இல்லை என்பது எனக்கு அப்போதே தெரிந்தது.

அந்தக் கேள்வி நாற்பது ஆண்டுக்குமேல் என்னுடன் இருந்தது. பின்னர், கிரேக்கம் கற்ற ஒரு குருவானவர் எங்கள் சேகரத்துக்கு மாற்றலாகி வந்தபோது, ஒருநாள் மாலை அவரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, உள்ளே போய்ப் புஸ்தகத்தை எடுத்துவந்தார். நம் தமிழ் வேதாகமத்தில் இந்த இடத்திலும் சத்திரம் என்றிருக்கிறது, நல்ல சமாரியன் காயப்பட்டவனைக் கொண்டுபோய்ச் சேர்த்த இடத்திலும் சத்திரம் என்றிருக்கிறது. ஆனால் லூக்கா கிரேக்கத்தில் எழுதியபோது இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போடவில்லை. சமாரியன் போனது பந்தொகெயோன்; அது பணம் கொடுத்துத் தங்கும் சத்திரமேதான். பெத்லகேமில் இடமில்லாதிருந்ததோ கத்தாலுமா. இதே சொல்லைத்தான் லூக்கா, இயேசு தம் சீஷரோடு கடைசிப் பஸ்காவைப் புசிப்பதற்காகக் கேட்டு வாங்கிய வீட்டு அறைக்கும் எழுதுகிறார். அதாவது, விருந்தினர் தங்கும் உள்ளறை என்று பொருள்கொள்ள இடமுண்டு. கென்னத் பெய்லி முதலிய வேதசாஸ்திரிகள் இந்தப் பொருளையே கொண்டு, அந்நாட்டுச் சாமானியர் வீட்டின் அமைப்பையும் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள்: ஒரே கூடம், அதில் மனிதர் படுப்பதற்கு உயர்ந்த தளம், வாசற்பக்கம் சற்றே தாழ்ந்த இடத்தில் இரவில் ஆடுமாடுகளைக் கட்டும் தொழுவு, இரண்டுக்கும் நடுவே, தளத்தின் விளிம்பில், தீவனம் போடும் தொட்டி. அந்தத் தொட்டிதான் முன்னணை. அந்தச் சொல் இன்று வேதாகமத்துக்கு வெளியே அநேகமாக வழங்குவதில்லை.

ஆகவே ஆச்சி கேட்டதில் நியாயம் இருந்தது. பங்காளி வீடு இருந்தது. அந்த வீட்டுக்குத்தான் அவர்கள் போனார்கள். ஆனால் குடிமதிப்புக்காக எல்லோரும் வந்திருந்தபடியால் உள்ளறை நிறைந்திருந்தது. பிரசவ வேதனைப்பட்டுக்கொண்டிருந்த பெண்ணுக்கு மாடு கட்டும் பக்கந்தான் மிஞ்சியது.

எல்லா வித்துவான்களும் இதை ஒப்புக்கொள்கிறார்கள் என்று சொல்லமாட்டேன். ஆயினும் இதைக் கேட்ட அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஏனென்றால் நானே எத்தனையோ வருஷம் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிறிஸ்மஸ் நாடகம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதில் கொஞ்சம் தடித்த பையனாகப் பார்த்துச் சத்திரக்காரன் வேஷம் போட்டு, கதவைப் படாரென்று சாத்தச் சொல்லியிருக்கிறேன். சுவிசேஷத்தைப் புரட்டிப் பாருங்கள். அப்படி ஒரு சத்திரக்காரன் அதில் எங்குமே இல்லை. அவனை நாம் உண்டாக்கினோம். ஒரு வில்லனைப் பிடித்து அவன் தலையில் பழியைப் போட்டுவிட்டால் நமக்குச் சௌகரியம்; வீடு கொள்ளாமல் வந்து நிறைந்திருந்த உறவினர் கூட்டத்தின்மேல் பழி விழுந்தால், அந்தக் கூட்டத்தில் நம் முகமும் தெரியுமே.

மக்களே, பண்டிகைக்கு முந்தின இரவில் நம் வீடுகளை ஒருமுறை மனக்கண்ணால் சுற்றிப் பாருங்கள். மூத்த மகன் குடும்பத்துக்குக் குளிர்சாதனம் வைத்த அறை; இளையவன் குடும்பத்துக்கு மாடியறை; மருமகனுக்கு முன்னறைக் கட்டில், அவருக்கு முதுகுவலி; பேரப்பிள்ளைகள் கூடத்தில் மெத்தை விரித்து. எல்லோருக்கும் இடம் பண்ணிக் கொடுத்துவிட்டு, யாவரும் உறங்கிய பின், அடுக்களை வாசலில் பழைய புடவையை விரித்துப் படுப்பவள் யார்? இருமலினால் பேரனுக்குத் தூக்கம் கெடுகிறதென்று பின்தாழ்வாரத்துக்குக் கட்டிலோடு மாற்றப்பட்டவர் யார்? ஒருவரும் அவர்களைக் கொடுமை செய்யவில்லை. ஒருவரும் கதவைச் சாத்தவில்லை. அவர்களே மனமுவந்து ஒதுங்கிக்கொண்டார்கள் என்பதும் உண்மை. வீடு நிறைந்திருந்தது, அவ்வளவுதான். பெத்லகேமிலும் அவ்வளவேதான் நடந்திருக்கும்.

அதிகாலை ஆராதனைக்கு வீடு முழுவதும் புதுத்துணி உடுத்திப் புறப்படும்போது, ஆட்டிறைச்சியை அடுப்பில் வைத்துவிட்டு, ஒலிபெருக்கியில் வரும் பிரசங்கத்தைப் புகையின் நடுவே கேட்டுக்கொண்டிருக்கும் மருமகளையும் எண்ணிப் பாருங்கள். தன் பண்டிகையைத் தாய்வீட்டில் விட்டுவந்த பெண் அவள். தாய்வீட்டில் அவளைச் சமைக்கவிட்டு ஒருவரும் கோயிலுக்குப் போனதில்லை.

இன்னொருத்தி உண்டு, அவள் பெயரை அந்த வீட்டில் ஜெபத்தில்கூடச் சொல்வதில்லை. சாதி விட்டுக் கலியாணம் செய்துகொண்ட மகள். கிறிஸ்துவுக்குள் யூதனென்றும் கிரேக்கனென்றும் இல்லை என்ற பிரசங்கத்தை ஆமென் சொல்லிக் கேட்ட அதே காது, மகளின் தொலைபேசி மணியைக் கேட்பதில்லை. அவள் புருஷனும் கிறிஸ்தவன்தான். நம்மைவிட ஒழுங்காகக் கோயிலுக்குப் போகிறவன். இந்த விஷயத்தில் நான் நடுநிலை பேச விரும்பவில்லை. இது பாவம். சபை இதைப் பாவம் என்று பீடத்திலிருந்து சொல்லத் தயங்குவதும் பாவமே.

பிறர் வீட்டைச் சொன்னது போதும். என் வீட்டைச் சொல்கிறேன். எங்கள் தகப்பனார் விட்டுப்போனது ஒரு வீடும் ஒரு கிணறும் சில பனைகளும். அண்ணனும் நானும் பாகம் பிரித்துக்கொண்டபோது, நடுச்சுவர் எழுந்ததில் தாவா இல்லை. கிணறு அவர் பங்கில் போய்விட்டதே என்பதில் வந்த பேச்சு தடித்து, நான் ஒரு சொல் அதிகமாகச் சொல்லிவிட்டேன். அதன்பின் 11 வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. பண்டிகைக்கு எங்கள் வீட்டுப் பலகாரத் தட்டு எதிர்வீட்டுப் பிள்ளைமாருக்குப் போனது. தீபாவளிக்கு எங்களுக்கு அனுப்புகிறவர்கள் அவர்கள். கடைத்தெருவில் ராவுத்தர் கடைக்குப் போனது. சுவருக்கு அப்பாலுள்ள வீட்டுக்கு மட்டும் போகவில்லை. ஆனால் ஒவ்வொரு பண்டிகை அதிகாலையிலும் நாங்கள் இருவரும் நற்கருணைப் பந்தியில் ஒரே கிராதியின் முன் முழங்காற்படியிட்டோம். இடையே நாலைந்து பேர் இருப்பார்கள். குருவானவர் பாத்திரத்தை வரிசையாக நீட்டிக்கொண்டே வருவார். அண்ணன் வாய்வைத்த பாத்திரத்தில் நானும் குடித்தேன். அவர் பங்குக் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கவில்லை. பலிபீடத்தில் காணிக்கை வைக்க வந்தவன், சகோதரனுக்குத் தன்மேல் குறையுண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகட்டும் என்ற மலைப்பிரசங்கத்து உபதேசத்தை வகுப்பில் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்வித்தவன் நான்.

எங்கள் அம்மா ஆறு மாதம் அவர் வீட்டிலும் ஆறு மாதம் என் வீட்டிலுமாக இருந்தாள். பண்டிகை நாளில் அம்மாவுக்கு எப்போதும் வயிற்றுவலி. காலையில் கோயிலிலிருந்து வந்ததும் படுத்துவிடுவாள். சாயங்காலம் கொஞ்சம் கஞ்சி குடிப்பாள். பதினோரு பண்டிகையிலும் அப்படியே. வயதானவள், அதிகாலைப் பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று நான் எண்ணியிருந்தேன். அம்மாவை அடக்கம் செய்த பிறகு, சாவு வீட்டில் பேச்சு மீண்டும் தொடங்கிய நாளில், மதினி சொன்னார்கள்: அவளுக்கு வயிற்றுவலி எதுவுமில்லை, ஒரு மகன் வீட்டில் பண்டிகைச் சோறு உண்டால் மற்றவனுக்கு மனம் வாடும் என்று, இரண்டு வீட்டிலும் உண்ணாமலிருந்தாள். 11 பண்டிகை. இரண்டு வீட்டு அடுப்பிலும் இறைச்சி வெந்த வாசனை அவள் படுத்திருந்த திண்ணைக்கு வந்திருக்கும்.

இதற்குமேல் அதைப் பற்றி எழுத எனக்குக் கை ஓடவில்லை.

லூக்கா சுவிசேஷத்திலே அந்த அதிகாரத்தின் பிற்பகுதியில் இன்னொரு பண்டிகைக் கதை இருக்கிறது; டிசம்பரில் அதை அநேகமாக யாரும் வாசிப்பதில்லை. பன்னிரண்டு வயதில் இயேசுவைப் பஸ்காவுக்கு எருசலேமுக்கு அழைத்துப்போன பெற்றோர், பண்டிகை முடிந்து திரும்பும் வழியில், பிள்ளை பிரயாணக்காரர் கூட்டத்தில் எங்கேயாவது இருப்பான் என்று நினைத்து ஒருநாள் நடை தூரம் வந்துவிட்டார்கள், பிறகுதான் தேடினார்கள், கண்டுபிடிக்க மூன்று நாளாயிற்று. அவர்கள் அசட்டையான பெற்றோர் அல்லர். ஆடவர் கூட்டத்தில் இருப்பான் என்று தாயும், பெண்கள் கூட்டத்தில் இருப்பான் என்று தகப்பனும் எண்ணியிருக்கக்கூடும். உறவினர் கூட்டம் பெரிதாயிருக்கும்போது ஆளைத் தொலைப்பது சுலபம். அம்மாவின் கண்புரை சிகிச்சையை அக்காள் பார்த்துக்கொள்வாள் என்று தம்பியும், பக்கத்திலிருப்பவன் தம்பிதானே என்று அக்காளும், பணம் அனுப்புகிறேனே என்று வெளிநாட்டிலிருப்பவனும் நினைத்துக்கொண்டிருக்க, அந்த அம்மாள் இரண்டு வருஷமாக வேதாகமத்தை வாசிக்க முடியாமல், மனப்பாடமாயிருக்கும் சங்கீதங்களையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்ததை இந்த ஊரில் நான் அறிவேன். நாலு பிள்ளைகள் பெற்றவள். கூட்டத்தில் இருக்கிறாள் என்றே நாலு பேரும் எண்ணியிருந்தார்கள்.

அந்தக் கதையின் முடிவும் கவனிக்கத்தக்கது. பிள்ளை அவர்களுடனே நாசரேத்துக்குத் திரும்பிப் போய், அவர்களுக்குக் கீழ்ப்படிந்திருந்தான் என்றதோடு சுவிசேஷம் மௌனமாகிவிடுகிறது. அதற்குப் பிறகு முப்பது வயதளவில் ஊழியம் தொடங்கும்வரை ஏறக்குறைய 18 ஆண்டு ஒரு சிற்றூரில், ஒரு தச்சன் வீட்டில், தம்பி தங்கைகள் நடுவே கழிந்தது. ஊழியம் செய்த காலமோ மூன்று ஆண்டு என்பார்கள். பிரசங்கம் செய்ததைவிடப் பலமடங்கு காலம் அவர் குடும்பத்தில் இருந்தார்.

குடும்ப ஜெபத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. விளக்கேற்றியபின் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு வசனமாக அதிகாரம் வாசிப்பது நம் வீடுகளின் பழைய வழக்கம்; நானே எழுத்துக்கூட்டப் படித்தது அந்த வட்டத்தில்தான். இப்போது பேரப்பிள்ளைகளின் முறை வரும்போது வாசிப்பு இங்கிலீஷுக்கு மாறிவிடுகிறது. தமிழ் எழுத்து அவர்களுக்கு வராது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தது 1715இல். தலைமுறை தலைமுறையாக நம் வீடுகளில் ஒலித்த அந்தத் தமிழ், என் கண்ணெதிரே, ஒரே தலைமுறையில் வட்டத்தை விட்டு எழுந்துபோவதைப் பார்க்கிறேன். பாட்டி ஒன்றும் சொல்வதில்லை. பேத்தி வாசிப்பது எந்த வசனம் என்று உத்தேசமாகக் கணக்கிட்டுக்கொண்டு, கண்ணை மூடி, உதட்டுக்குள்ளே தமிழில் சொல்லிக்கொள்கிறாள். பாளையங்கோட்டையில் பிறந்து தஞ்சாவூரில் பாடிய வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் எழுத்தறியாத எங்கள் ஆச்சிக்கு எத்தனையோ தெரியும். உங்கள் பிள்ளைகளுக்கு ஒன்றையாவது, அர்த்தம் விளங்காவிட்டாலும் இராகத்தோடு, இந்த விடுமுறையில் தங்கள் பாட்டியிடம் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். கற்றுக்கொள்வதற்கு இன்னும் அநேக டிசம்பர் இருக்கிறதென்று எண்ணவேண்டாம்.

டிசம்பரைப் பற்றி இப்படிச் சொல்லும்போது, கன்னியாகுமரிக் கடற்கரையை நினையாமலிருக்க முடியவில்லை. 2004ஆம் ஆண்டு பண்டிகை சனிக்கிழமையில் வந்தது. மறுநாள் ஞாயிறு காலை, பலகாரம் இன்னும் டின்னில் இருக்கையில், வாசல் நட்சத்திரம் இன்னும் தொங்குகையில், குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் கடல் வீடுகளுக்குள் வந்துவிட்டது. மேலமணக்குடிக்கும் கீழமணக்குடிக்கும் நடுவே நின்ற பாலத்தையே அலை பெயர்த்துக்கொண்டு போயிற்று. பண்டிகையை ஒட்டி வேளாங்கண்ணிக்குத் தூரதேசங்களிலிருந்து வந்திருந்த யாத்திரிகர்களும் மாண்டார்கள். அந்த ஊர்களில் 25ஆம் தேதி பாலன் பிறப்பு, 26ஆம் தேதி இறந்தோருக்குத் திருப்பலி; பண்டிகையையும் துக்கத்தையும் ஒரே இரவு பிரிக்கிறது. முந்தின நாள் மத்தியானம் கடைசியாக ஒருமுறை எல்லோரும் சேர்ந்து உண்டோமே என்பதையே ஆறுதலாகப் பிடித்துக்கொண்டிருக்கிற ஒரு வயோதிகரை நான் அங்கே கண்டு பேசியிருக்கிறேன். அன்று கோபித்துக்கொண்டு சாப்பிட வராமலிருந்தவர்களும் சில வீடுகளில் இருந்திருப்பார்கள். அவர்களைப் பற்றி அவரிடம் கேட்கவில்லை.

வர இயலாதவர்களுக்கும் இந்த மடல் உண்டு. ஆஸ்பத்திரியில் இராவேலை பார்க்கும் நர்சுப் பெண்களே, விடுப்புக் கிடைக்காமல் பாலைவனத்துக் கம்பெனி விடுதியில் நாலு பேராக ஓர் அறையில் இருக்கும் பையன்களே, உங்களை ஊர் குறைவாக நினைப்பதில்லை. அயர்லாந்தில் பிறந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1895இல் இந்தியா வந்து, 1951இல் டோனாவூரில் கண்மூடும்வரை ஒருமுறைகூடத் தாய்நாடு திரும்பவில்லை. ஆதரவற்ற குழந்தைகளை நூற்றுக்கணக்கில் எடுத்து வளர்த்து, விவாகமே செய்யாத அந்த அம்மையார் ஒரு பெருங்குடும்பத்துக்குத் தாயானார்கள். தம் கல்லறைக்குக் கல் வேண்டாமென்று அவர்கள் சொல்லியிருந்தபடியால், பிள்ளைகள் அங்கே பறவைகள் நீர் குடிக்க ஒரு தொட்டியை வைத்து, அதில் தாய் என்று பொருள்படும் ஒரு சொல்லை எழுதினார்கள். உங்கள் விடுதி அறையிலும் பண்டிகை உண்டு. பக்கத்து அறை இஸ்லாமியனையும், கீழ்த்தள நேப்பாளத்துக் காவற்காரனையும் சாப்பிடக் கூப்பிடுங்கள்.

வருகிறவர்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. கேரல் பாட வரும் பையன்கள் இந்த ஆண்டும் ஜெனரேட்டரும் ஆளுயர ஒலிபெருக்கியுமாகத்தான் வருவார்கள். அதைத் தடுக்க என்னால் ஆகவில்லை. ஆர்மோனியமும் பெட்ரோமாக்ஸ் விளக்குமாகப் பஜனை வந்த காலத்தைச் சொல்லி அவர்களைச் சலிப்பிக்கவும் மாட்டேன். ஆனால் இவ்வாண்டு துட்டி விழுந்த வீடுகள் நம் தெருவில் மூன்று இருக்கின்றன. அங்கே எண்ணெய்ச் சட்டி வைக்கமாட்டார்கள். முன்பெல்லாம் அந்த வீட்டு வாசலுக்கு வந்ததும் மேளத்தை நிறுத்திவிட்டு ஒரு கீர்த்தனையை மெதுவாகப் பாடிவிட்டு நகர்வோம். அதைமட்டும் பையன்களிடம் சொல்லுங்கள்; நான் சொன்னால் கேட்கமாட்டார்கள், உங்கள் உடுப்பைப் பார்த்தாவது கேட்பார்கள். பலகாரத் தட்டு அந்த மூன்று வீட்டுக்கும் முதலில் போகட்டும். உங்கள் வீட்டுச் சுவருக்கு அப்பால் ஒரு வீடு இருந்தால் அங்கேயும் போகட்டும். சிறுபிள்ளையின் கையில் கொடுத்தனுப்பினால் யாரும் திருப்பியனுப்பமாட்டார்கள். இதை எனக்கு 11 ஆண்டு முன்னதாக யாராவது சொல்லியிருக்கலாம்.

அம்மாவைக் கட்டிலில் படுக்க வையுங்கள். மறுப்பாள், விடாதீர்கள்.

பண்டிகை ஆராதனை வழக்கம்போல் அதிகாலை 4 மணிக்கு. முதல் மணி மூன்றரைக்கு அடிக்கும். கோயில் முக்கிலிருந்து ஓடைப்பாலம்வரை தெருவிளக்கு நாலு மாதமாக எரியவில்லை. மழையில் பாதையும் அரித்துக் கிடக்கிறது. நம் தெருக் கிழவிகள் அந்த இருட்டில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டுதான் வருகிறார்கள். முந்தின இரவே ஊர் வந்து சேருங்கள். வரும்போது நல்லதாக ஒரு டார்ச்சு விளக்கும் வாங்கி வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாத்தியார்